நானே மாட்டிய ஸ்டீரியோ

என் காருக்கு ஸ்டீரியோவை நானே மாட்டினேன். இதைச் சொல்ல எனக்குக் கடுகளவும் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. பிரேக் பெடலுக்கு மேலே ஏழெட்டு ஒயர்களை ஒரே கட்டாகக் கட்டித் தொங்கவிட்ட கார் கம்பெனி கேட்கவில்லை. “இதெல்லாம் பத்து நிமிஷ வேலை நண்பர்களே” என்று வீடியோ போட்டுவிட்டு, முக்கியமான இடம் வந்ததும் தன் முதுகாலேயே கேமராவை மறைத்துக்கொண்ட அந்த ஆளும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இலையில் உப்பு வைப்பதற்கு முன்பே என் பெயரை எடுத்துவிடுகிறார்கள். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

நான் தர்மபுரிக்காரன். பெங்களூர் ஆடுகோடியில் குடியிருக்கிறேன், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. (அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். இந்தத் தகவலையும் என் மைத்துனர்கள் விடுவதில்லை.) மனைவி ஜெனி காக்ஸ் டவுன் பெண். பரம்பரையாக சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். மாமனார் எங்களைத் துரத்தியடிக்கவில்லை, கத்தவும் இல்லை. என்னோடு பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்.

விட்டுவிட்டார் என்றால் அடியோடு இல்லை. எல்லாவற்றையும் ஜெனி வழியாகப் பேசுவார். நான் அவருக்கு நேர் எதிரே தட்டோடு உட்கார்ந்திருப்பேன். “ஜெனி, அவருக்கு இன்னொரு சப்பாத்தி வேணுமான்னு கேளு” என்பார். ஜெனி என்னைப் பார்ப்பாள். நான் ஜெனியிடம் போதும் என்பேன். அவள் அப்பாவிடம் திரும்பி, “போதுமாம் டாடி” என்பாள். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. எனக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. அந்த மனிதர் ஒருநாள், ஒரே ஒருநாள், என் முகத்தைப் பார்த்து நேரடியாக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று மட்டும் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். ஏ.சி. இல்லை. ஸ்டீரியோ இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போய் விலை விசாரித்தேன். கடைக்காரர் சொன்ன தொகையில் ஒரு ஆளையே உட்காரவைத்துப் பாடச் சொல்லலாம். செட்டை மட்டும் கொடுங்கள், மாட்டிக்கொள்வது என் பாடு என்றேன்.

“ஒயரிங்ல எல்லாம் நீங்க கை வைக்க பேடா சார், வேணாம்” என்றார் அவர். “இஞ்சினியர்ங்கதான் சார் ஜாஸ்தி சுட்டுக்கிட்டு வராங்க.”

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே சபதம் எடுத்துவிட்டேன். எஸ்.பி. ரோட்டில் அலைந்து இருப்பதிலேயே மலிவான செட் ஒன்றும், முன்கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கரும், யாரோ கழற்றிப் போட்ட பெரிய பேஸ் ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கினேன். செட்டின் அட்டைப்பெட்டியில் எந்த நாட்டு எழுத்து என்றே தெரியவில்லை. ஆன் செய்தால் ஒரு பெண் குரல் உற்சாகமாக, “வெல்கம்! ஹேப்பி ஜர்னி!” என்று இங்கிலீஷில் சொல்லும். கடைப் பையன் அதையே ஒரு விசேஷ வசதியாக மூன்று தடவை போட்டுக் காட்டினான். நானும் மயங்கினேன்.

பேஸ் ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி வேண்டும். ஜெனியின் படிக்கிற மேஜை கால் ஆடிக்கொண்டிருந்ததால் அதை அறுத்தேன். (ஆடியது ஒரு கால்தான், அறுத்தது முழு மேஜையையும் என்பது அவள் கட்சி.) இரண்டு சனி ஞாயிறு அறுத்து, பசை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, சாம்பல் நிறக் கார்ப்பெட் துணி சுற்றிப் பெட்டியை முடித்தேன். நானே சொல்லக்கூடாது, கோயில் உண்டியல் மாதிரி கனமாக, லட்சணமாக இருந்தது. டிக்கியில் வைத்தால் உருளும் என்று, பின்சீட்டின் முதுகுப்புறத்திலேயே பட்டை வைத்து இறுக்கிவிட்டேன். இது முழுக்க என் சொந்த யோசனை. வீடியோவில்கூடக் கிடையாது.

இனி ஒயர். ஸ்டீரியோவுக்குச் சாவி போட்டால் கரண்ட் வர வேண்டும், எடுத்தால் போக வேண்டும். அப்படிப்பட்ட ஒயரைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன பல்பு போதும் என்று வீடியோ ஆள் சொல்லியிருந்தார். சாவியைப் போட்டுவிட்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். காலிரண்டும் சீட்டுக்கு மேலே நின்றன. பெடல்கள் தோளில் குத்தின. பல்பின் கிளிப்பை ஒவ்வொரு ஒயராக மாற்றி மாட்டினேன். நாலாவது ஒயரில் பல்பு எரிந்தது. சந்தோஷமாக வெளியே வந்து, எழுந்து, சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பல்பு அணைந்திருந்தது. சாவி போட்டால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது. இரண்டு டெஸ்ட் கேஸும் பாஸ்.

பல்பு எரிந்தபோது என் தோள் பிரேக் பெடலை அமுக்கிக்கொண்டிருந்தது என்பதும், நான் எழுந்தபோது தோளும் கூடவே எழுந்துவிட்டது என்பதும், நான் கண்டுபிடித்தது பின்பக்கத்துப் பிரேக் லைட்டுக்குப் போகிற ஒயர் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்கள். எந்த மனிதனுக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் இணைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சாவி போடும்போது கால் பிரேக்கில் இருக்க வேண்டும் என்பது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என் மண்டையில் தட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். ஒழுக்கமாக பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருகினேன். “வெல்கம்! ஹேப்பி ஜர்னி!” என்றாள் அந்தப் பெண். ஆபீஸ் நண்பர்கள் டூருக்காக நிரப்பிக் கொடுத்த பென்டிரைவில் முதல் பாட்டு ஒரு குத்துப்பாட்டு. ஒருவன் “ஏய்ய்ய்!” என்று தொண்டை கிழியக் கத்துவான், உடனே நாலு அடி விழும். டும், டும், டும், டும். கீழ்த்தளம் முழுக்க அதிர்ந்தது. இரண்டாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்து, “ஏன் சார், மதுவே மனேனா இது?” என்று கன்னடத்தில் கேட்டார். கல்யாண வீடா என்கிறார். அப்படியே பாதிப் பாட்டில் சாவியை எடுத்துவிட்டேன். எடுக்கும்போதுதானே காலையும் எடுப்போம். அதனால் அப்போதும் ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கம் வெற்றிவீரனின் தூக்கம்.

விடியற்காலையில் ஜெனியின் போன் அடித்தது. அவள் பெரியப்பா, மாமனாரின் ஒரே அண்ணன், எண்பது தாண்டியவர், தூக்கத்திலேயே போய்விட்டார். ஜெனி அழுதாள். மாமனார் போனில் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கும் கேட்டது. “பெரியம்மாவுக்கு முட்டி மடங்காது, உயரமான வண்டியில ஏத்த முடியாது. அவரோட வண்டி சின்னதுதானே? கொண்டாரச் சொல்லு.”

புரிகிறதா? புருஷனை இழந்த பெரியம்மாவைக் கல்லறைக்கு அழைத்துப் போகிற வண்டி என்னுடையது. சவப்பெட்டிக்கு அடுத்த வண்டி. அந்தக் குடும்பத்தில் இதைவிடப் பெரிய பொறுப்பை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் சப்பாத்தியை நேரடியாகவே கேட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. சாவு வீட்டுக்குப் போகும்போது இப்படி நினைத்தது தப்புதான்.

அன்றைய பதற்றத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவி போடுகிற பாடமே மறந்துபோயிருந்தது. போகிற வழியில் முதல் ஸ்பீட் பிரேக்கரில் ஸ்டீரியோ தானாகவே ஆன் ஆனது. “ஹேப்பி ஜர்னி!” பதறிப்போய் அணைத்தேன். அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த பள்ளத்திலும் வந்தது. ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தாள். என் டெஸ்டிங் மூளை உடனே முடிவுக்கு வந்தது. குலுங்கும்போதெல்லாம் ஆன் ஆகிறது என்றால் எங்கோ ஒயர் லூஸ். காக்ஸ் டவுன் போய்ச் சேர்ந்ததும் ஒரு முழு நியூஸ்பேப்பரைக் கிழித்து உருட்டி, ஸ்டீரியோவைச் சுற்றி இம்மி அசையாதபடி திணித்தேன். இனிப் பிரச்சினையே இல்லை. ஊர்வலம் நடை வேகத்தில்தான் போகப்போகிறது, அதில் குலுக்கலுக்கு எங்கே இடம்?

சாயங்காலம் சர்ச்சில் ஆராதனை முடிந்தது. பெட்டியை ஏற்றிய கண்ணாடி வேன் முன்னால். அதன் பின்னால் பாஸ்டரும் ஐம்பது அறுபது பேரும் பாமாலை பாடிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் என் கார். மாமனார் கோட்டு சூட்டில் முன்சீட்டில், மடியில் அண்ணன் படம். பின்சீட்டில் பெரியம்மாவும் ஜெனியும். பெரியம்மாவுக்குக் காது மிஷின் இல்லாமல் இடி விழுந்தாலும் கேட்காது. அழுது அழுது அது நனைந்துவிட்டதால் அன்று கழற்றி வைத்திருந்தார்கள்.

வேன் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். பத்தடி போனதும் முன்னால் நடந்தவர்கள் தயங்கினார்கள். பிரேக்கில் மெதுவாகக் கால் வைத்தேன்.

“வெல்கம்! ஹேப்பி ஜர்னி!”

பாமாலை ஒரு நொடி தடுமாறியது.

“ஏய்ய்ய்!” டும், டும், டும், டும்.

காலை எடுத்துக் காரை நகர்த்தினேன். சத்தம் நின்றது. ஸ்டீரியோவின் பட்டனை அமுக்கினேன். மறுபடி கூட்டம் தயங்கியது, மறுபடி பிரேக். “வெல்கம்! ஹேப்பி ஜர்னி!” அணைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து, முழு சத்தத்தோடு வந்தாள். பென்டிரைவைப் பிடுங்கி எறிந்தேன். அவ்வளவுதான், ஸ்டீரியோ ரேடியோவுக்குத் தாவியது. ரேடியோவில் ஒருவன் கன்னடத்தில் ஏதோ ஜோக்கைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சாவு ஊர்வலத்தில் சிரிப்பைவிடக் குத்துப்பாட்டே மேல் என்று பென்டிரைவைத் தேடியெடுத்துத் திரும்பச் சொருகினேன். முன்னால் பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் அங்கியும் அந்தப் பார்வையும் இன்னும் என் கனவில் வருகின்றன.

“யோவ்!” என்றார் மாமனார்.

ஒன்றரை வருஷ மௌனத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“யோவ், என்னய்யா பண்ற? எங்கண்ணன் போறாருய்யா!” அவர் குரல் உடைந்தது. எனக்குக் காரோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“என்னங்க,” என்றாள் ஜெனி பின்னாலிருந்து. (தனியாக இருந்தால் “டேய் சரவணா”.) “நீங்க பிரேக் அடிக்கிறப்பல்லாம் பாடுது.”

“அதெப்படிப் பாடும்? இது லூஸ் கான்டாக்ட்.”

“அடிச்சுக் காட்டுங்க.”

அடித்தேன். வெல்கம் என்றாள். எடுத்தேன். நின்றாள். அந்த இடத்தில், அத்தனை துக்கத்துக்கு நடுவில், எனக்கு முதலில் வந்தது அவமானம் இல்லை. ஆத்திரம். இரண்டு டெஸ்ட் கேஸும் பாஸ் ஆன ஒயர் இப்படித் துரோகம் செய்யலாமா?

அப்போது பெரியம்மா மெல்லக் கேட்டார். “ஜெனி, யாரும்மா முதுகுல தட்டுறது?”

ஜெனியின் இரண்டு கைகளும் பெரியம்மாவின் மடியில் அவர் கையைப் பிடித்தபடி இருந்தன. என் பேஸ் பெட்டி அவர் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது என்பது எனக்கு மட்டும் உறைத்தது.

நான் ஹேண்ட்பிரேக்குக்கு மாறினேன். கால் பிரேக்கைத் தொடவே கூடாது, நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் கையால் லீவரை இழுத்து இழுத்து ஓட்ட வேண்டும். கார் கிறீச்சிட்டது, ஆனால் பாடவில்லை. முன்னால் பாமாலை மறுபடி சேர்ந்துகொண்டது. மாமனார் மூச்சுவிட்டார். என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அப்படியே இரண்டு தெரு போனோம்.

“நின்னு போச்சே” என்றார் பெரியம்மா.

காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாக, யாரிடம் என்றில்லாமல் பேசினார். “நாலு தட்டு. எண்ணிக்கிட்டே வந்தேன். அவரு அப்படித்தான் தட்டுவாரு. நான் அழுதா அந்த மனுஷனுக்கு ஆறுதலா ஒரு பேச்சு பேசத் தெரியாது. முதுகுல நாலு தட்டு தட்டிட்டு பேப்பர் படிக்கப் போயிடுவாரு. இப்ப ஏன் நிறுத்திட்டாரு? நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா?”

பிறகு அழ ஆரம்பித்தார். காலையிலிருந்து அழுத அழுகை வேறு, இது வேறு.

மாமனார் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த படத்தைத் துடைத்தார். “மாப்ளே” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

“உங்களைத்தான். பிரேக்கைப் போடுங்க.”

“மாமா, வெளியில எல்லாருக்கும் கேக்கும்...”

“கேக்கட்டும். அண்ணி அழறாங்க. போடுங்க.”

அவரே கண்ணாடியை ஏற்றினார். கோட்டைக் கழற்றித் தன் பக்கத்துக் கதவு ஸ்பீக்கரில் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டார். ஜெனி எட்டி என் பக்கத்து ஸ்பீக்கரைத் துப்பட்டாவால் அமுக்கினாள். நான் பிரேக்கைப் போட்டேன். ஒவ்வொரு பத்தடிக்கும் போட்டேன். கூட்டம் தயங்காத இடத்திலும் போட்டேன். வெல்கம் என்றாள், ஏய் என்றான், நாலு தட்டு விழுந்தது. பாஸ்டர் மறுபடி திரும்பியபோது மாமனார் கண்ணாடிக்கு உள்ளிருந்தே, நீங்கள் பாடுங்கள் ஐயா என்று கையைக் காட்டினார். பெரியம்மா கண்ணை மூடி நன்றாகச் சாய்ந்துகொண்டார். கல்பள்ளிக் கல்லறை வரைக்கும் அப்படியேதான் போனோம். எனக்கு எதிரே ரோடு சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

கல்லறை வாசலில் இறங்கியதும் ஜெனியின் அத்தை மகன் ஒருவன் என் காதருகே வந்து, “பிரதர், ஆரம்பம் சூப்பர். முழுப் பாட்டையும் போட்டிருக்கலாமே” என்றான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஒயரை மாற்றிவிடலாம் என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். என் போன் அடித்தது. ஜெனியின் போன் இல்லை, என்னுடையது. மாமனார்.

“மாப்ளே, அந்த ஒயர்ல கை வச்சுடாதீங்க. அண்ணிக்கு மாசா மாசம் கல்லறைக்குப் பூ வைக்கப் போகணுமாம். உங்க வண்டியிலதான் வருவாங்களாம். யாரும் எதுவும் அவங்ககிட்ட சொல்லக் கூடாது, எல்லார்கிட்டயும் கண்டிப்பா சொல்லிட்டேன்.”

அதனால் கதவு ஸ்பீக்கர்களை மட்டும் கழற்றிவிட்டேன். பேஸ் பெட்டி அதே இடத்தில், அதே பிரேக் ஒயரில் இருக்கிறது. பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டு, மேஜையை அறுத்து, முதுகு ஒடிய உழைத்து ஸ்டீரியோ மாட்டியவன், இன்றுவரை தன் காரில் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. வேலை செய்கிற ஒரே பாகம் அந்தப் பெட்டி. அதன் புகழையும் பெரியப்பா கொண்டுபோய்விட்டார். எங்கே போய் முறையிடுவது?

மாதம் ஒருமுறை பெரியம்மாவை அழைத்துப் போகிறேன். அவர் ஏறியதும் காது மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடம் பார்த்து, சரியாகப் பெட்டிக்கு நேராக முதுகைச் சாய்த்து உட்கார்வார். சில நாள் ரோடு காலியாக இருந்துவிடும் (பெங்களூரில் இப்படியும் நடக்கிறது). நான் மறந்துபோய் ஓட்டிக்கொண்டே இருப்பேன். மாமனார் முழங்கையால் மெதுவாக இடிப்பார். நடு ரோட்டில் காரணமே இல்லாமல் பிரேக் போட்டு, பின்னால் வருகிற ஆட்டோக்காரரிடம் கன்னடத்திலும் தமிழிலும் திட்டு வாங்கிக்கொள்வேன்.

வீட்டில் பெரியம்மா இல்லாத சமயம் பார்த்து, புதிதாக வருகிற எந்தச் சொந்தக்காரருக்கும் மாமனார் இந்தக் கதையைச் சொல்கிறார். ஊரிலெல்லாம் பிரேக் போட்டால் வண்டி நிற்கும், இவர் பிரேக் போட்டால் எங்கண்ணன் வருவார் என்று முடிப்பார். கூடமே சிரிக்கும். கதையில் நான் தோளால் பெடலை அமுக்கியது, “லூஸ் கான்டாக்ட்” என்று சாதித்தது, எதையும் விட மாட்டார். சொல்லாததையும் சேர்ப்பார். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து, நடந்தது அப்படியில்லை, இதில் கார் கம்பெனியின் தப்பு என்று ஒன்று இருக்கிறது என்று விளக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் கதையை ஆரம்பிப்பதே “எங்க மாப்ள இருக்காரே” என்றுதான். அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.